பின்பாரம்

கல்கிசையைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் கடலிலிருந்தே தொடங்குவர். தேசாதிபதி தோமஸ் மெயிற்லண்ட் 1806இல் கட்டத் தொடங்கிய மாளிகை, அது பின்னர் விடுதியாக மாறிய வரலாறு, அந்தி வேளையில் கரையோரப் புகைவண்டி தென்னைகளுக்கிடையே ஓடும் காட்சி ஆகியன ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடும். இங்கு சொல்லவந்த விடயம் கடலுக்கு முதுகு காட்டி நிற்பது. காலி வீதிக்குக் கிழக்கே, ஒடுங்கிய ஓர் ஒழுங்கையின் தார்மேல், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலையில் காணப்பட்ட கறுப்புக் கோடொன்றில் அது தொடங்குகிறது.

கோடு என்றாலும் அது முழுக்கோடு அன்று. பதினைந்தடி நீளத்துக்கு, ஒரு சாண் இடைவெளிக்கு ஒன்றாகப் புள்ளி புள்ளியாய் ரயரின் கறை படிந்திருந்தது. அதுவும் ஒரு பக்கத்தில் மட்டும். வாகனம் போன திசையை நோக்கி நின்றால் வலப்பக்கம். முதல்நாள் இரவு அவ்வொழுங்கையில் வசித்த இளைஞன் ஒருவன் தன் மோட்டார் வண்டியின் பலத்தைப் பரீட்சித்ததன் அடையாளம் அது. அவன் கட்டுபெத்தையில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தான். காலையில் வெளியே வந்தபோது, மூன்று வீடு தள்ளியிருந்த பெரியவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தக் கறையருகே குந்தியிருந்து, விரலால் புள்ளிகளுக்கிடையேயான தூரத்தை அளந்துகொண்டிருந்தார். ஏசப்போகிறார் என்று அவன் எண்ணினான்.

“தம்பி, எஞ்சினைப் பலமாக்கிப்போட்டாய். அது எங்கை காலூன்றப் போகுது?” என்பதே அவர் கேட்டது.

அவர் இரத்மலானைப் புகைவண்டித் தொழிற்சாலையில் கொல்லராகப் பணிபுரிந்து இளைப்பாறியவர். புகைவண்டிப் பெட்டிகளைத் தாங்கும் உருக்கு விற்களை நெருப்பிலிட்டு, எண்ணெயில் தோய்த்துப் பதமாக்குவதிலேயே அவருடைய ஆயுளின் பெரும்பகுதி கழிந்திருந்தது. அதற்கும் முன்னர், தென்மராட்சியில் அவருடைய தந்தையார் மாட்டுவண்டிச் சில்லுகளுக்கு இரும்புப் பட்டம் பூட்டியவர். கோடை காலத்தில் சவாரித் திடலுக்கு வண்டிகள் போகுமுன் அந்தப் பட்டறைக்கு வந்துதான் போகும் என்று பெரியவர் சொல்வதுண்டு.

வண்டிச் சவாரியைக் கண்டவர்களுக்கு, ‘டிராக்’ எனப்படும் நேரோட்ட மோட்டார்ப் பந்தயத்தை விளக்கவேண்டிய தேவை அதிகமில்லை. வளைவில்லை, சுற்றில்லை, இரண்டு வண்டிகள் அருகருகே நின்று, ஒரே கணத்தில் புறப்பட்டு, நேர்கோட்டில் ஓடி, குறித்த எல்லையைக் கடக்கவேண்டும். மோட்டார்ப் பந்தயத்தில் அந்த எல்லை வழக்கமாகக் கால் மைல், அதாவது 402 மீற்றர். வண்டியோட்டியின் திறமையில் முக்காற்பங்கு புறப்படும் கணத்திலேயே செலவாகிவிடும் என்பதும் இரண்டுக்கும் பொது. இரட்டைச் சில்லு வண்டியில் பாரம் அச்சுக்கு முன்னால் மிகுந்தால் நுகம் மாட்டின் பிடரியை நசுக்கும். பின்னால் மிகுந்தால் நுகம் மேலெழுந்து கழுத்துக் கயிறு தொண்டையை இறுக்கும். முன்னதை முன்பாரம் என்றும் பின்னதைப் பின்பாரம் என்றும் நம்மவர் வழங்கினர். முன்பாரம் பின்பாரம் தெரியாதவன் வண்டி கட்டக்கூடாது என்பது பெரியவரின் தந்தையார் வாக்கு. மயிலிறகேயானாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் எச்சரித்தார். அச்சின்மேல் பாரம் போதாமையாலும் கேடு விளையும் என்பதைக் கூற அவருக்கு மோட்டார் வண்டி வாய்க்கவில்லை.

இளைஞனின் வண்டி 1971ஆம் ஆண்டு டட்சன் 1200. அவனுடையது என்பதைவிட அவனுடைய தந்தையாருடையது என்பதே சரி. உயர்தர வகுப்புகளுக்குப் பிரயோக கணிதம் கற்பித்து ஓய்வுபெற்ற அவர் அதனை இரண்டாம் கையாக வாங்கியிருந்தார். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை தாயாரைக் கிளினிக்குக்கு ஏற்றிச் செல்வதும் அதே வண்டிதான். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர் யப்பானிய வாகனங்கள் இலங்கையில் பெருகின. அவற்றின் உறுப்புகளும் பஞ்சிகாவத்தைக் கடைகளில் மலைபோற் குவிந்தன. அங்கிருந்தே அவன் தனது ‘மாற்றத்தை’ வாங்கி வந்தான். 1171 கனசென்ரிமீற்றர் கொண்ட பழைய இயந்திரத்துக்குப் பதிலாக அதே குடும்பத்தைச் சேர்ந்த 1487 கனசென்ரிமீற்றர் இயந்திரம். அதன்மேல் இரண்டு காபுரேற்றர்கள். வெளித்தோற்றத்தில் எதுவும் மாறவில்லை என்பதில் அவனுக்குப் பெருமை. வண்டியைத் தாழ்த்தினால் வேகம் கூடும் என்று எவரோ சொல்லக் கேட்டு, ஒரு கராச்சில் பின் விற்களை வாயுச் சுவாலையால் சூடாக்கித் தொய்யவிட்டும் இருந்தான்.

இந்தச் செய்தியைக் கேட்டபோதுதான் பெரியவர் உண்மையில் ஏசினார். உருக்கு வில்லின் உயிர் அதன் பதத்தில் இருக்கிறது. உரிய வெப்பநிலைக்குக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கி, மீண்டும் அளவாகச் சூடேற்றி அதன் முறியுந்தன்மையைப் போக்கிய பின்னரே அது வில்லாகிறது. அங்கொரு இடத்தில் சுவாலையைப் பிடித்தால் அந்த இடம் வெறும் இரும்பாகித் தொய்யும். அதன் அருகே பதம் மாறிய விளிம்பில் என்றோ ஒருநாள் வெடிப்பு விழும். எப்போது விழும் என்பதை எவரும் கூறவியலாது. கொழும்பிலே தாழ்ந்து ஓடும் பழைய வண்டிகளில் எத்தனை இவ்வாறு சூடுபட்டவை என்பதை எண்ணினால், அவற்றின் பின்னால் சைக்கிளிற் போவதற்கும் அச்சமாயிருக்கும்.

கணக்கைத் தந்தையார் போட்டார். இராச்சாப்பாட்டுக்குப் பின் மேசையைத் துடைத்துவிட்டு, பழைய பரீட்சை வினாப் போலவே அதனை அமைத்தார். வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்து திணிவு 750 கிலோகிராம். அச்சுகளுக்கிடையே தூரம் 2.3 மீற்றர். புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீற்றர் உயரத்தில் உள்ளதெனக் கொள்க. நிற்கும்போது நிறையின் 45 வீதம் பின்சில்லுகளில். அதாவது ஏறத்தாழ 338 கிலோகிராம்நிறை. உராய்வுக் குணகம் 0.8. இயந்திரம் எவ்வளவு முறுக்கினாலும், பின்சில்லு தரையைத் தள்ளக்கூடிய விசை, அதன்மேல் உள்ள செவ்வன் மறுதாக்கத்தின் 0.8 மடங்கைத் தாண்டாது. நிற்கும்போதுள்ள மறுதாக்கத்தை மட்டும் கொண்டால் அது 270 கிலோகிராம்நிறை. ஆனால் வண்டி ஆர்முடுகும்போது, புவியீர்ப்பு மையம் தரைக்கு மேலே இருப்பதால், முன்சில்லுகளின் பாரத்தில் ஒரு பகுதி பின்சில்லுகளுக்கு மாறுகிறது. அதையும் சேர்த்துத் தீர்த்தபோது பின்பாரம் 409 ஆகவும், தள்ளுவிசை 327 ஆகவும் வந்தன. எழுபது கிலோகிராம் அளவு நிறையை வண்டி தானாகவே பின்னுக்கு எடுத்துக்கொள்கிறது. சில்லு வழுக்கத் தொடங்கினாலோ உராய்வுக் குணகம் 0.6 அளவுக்கு இறங்கிவிடும். முதல் 60 அடியைக் கடப்பதிலேயே அரைச் செக்கனுக்கு மேல் நட்டம்.

“இதிலை வில்லு எங்கை வருகுது, அப்பா?” என்று மகன் கேட்டான்.

தந்தையார் தாளை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தார். வரவில்லை. சமன்பாட்டில் வில்லுக்கு இடமே இல்லை.

இங்குதான் விடயத்தின் உயிர்நிலை இருக்கிறது. பின்னுக்கு மாறும் மொத்த நிறையைத் தீர்மானிப்பவை ஆர்முடுகல், மையத்தின் உயரம், அச்சுகளுக்கிடையேயான தூரம் ஆகிய மூன்றுமே. வண்டியின் பின்புறம் நன்றாகக் குந்தினால் பிடி கூடும் என்று பந்தய இளைஞர் நம்புவது பெருந்தவறு; குந்துவது பாரம் வந்ததன் விளைவேயன்றிக் காரணம் அன்று. மையத்தைத் தாழ்த்திய அவனுடைய வேலை, மாறக்கூடிய பாரத்தைச் சிறிதளவு குறைத்ததே தவிரக் கூட்டவில்லை. அப்படியானால் வில் செய்வது யாது? வரும் பாரத்தை அது உருவாக்குவதில்லை. வந்த பாரத்தைச் சிந்தாமல் சில்லில் வைத்திருக்கிறது, அல்லது வைத்திருக்கத் தவறுகிறது. தந்தையாரின் தாளில் விடை சரி. ஒழுங்கையின் தாரில் அந்த விடை புள்ளி புள்ளியாகச் சிந்திக் கிடந்தது.

ஏன் புள்ளிகள்? டட்சன் 1200 போன்ற வண்டிகளில் பின் அச்சு ஒரே கட்டையாக இருபுறமும் நீண்டு, இரண்டு வில்களின்மேல் இருத்தி யூ போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கும். கராச்சுகளில் ‘பிளேட்’ என்று வழங்கும் உருக்குத் தகடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டு ஒரு வில்லாகின்றன. சில்லை முன்னோக்கிச் சுழற்றும்போது, நியூற்றனின் மூன்றாம் விதிப்படி, அச்சின் கூடு பின்னோக்கிச் சுழல முயல்கிறது. அதைத் தடுப்பதற்கு இந்த வில்லைத் தவிர வேறு பிடிமானம் இல்லை. ஆகவே வில்லின் முன்பாதி மேலே வளைந்து, பின்பாதி கீழே அழுந்தி, நெளிந்த பாம்பு போலாகிறது. ஓர் எல்லையில் ரயர் பிடியிழந்து வழுக்கும். உடனே வில் விடுபட்டுத் திரும்பும். திரும்பியதும் ரயர் மீண்டும் பிடிக்கும். மீண்டும் வில் முறுகும். ஒரு செக்கனில் பல தடவை இது நிகழ, சில்லு தரையில் துள்ளித் துள்ளி அடிக்கிறது. ஒவ்வோர் அடிக்கும் ஒரு புள்ளி. பெரியவர் விரலால் அளந்தது இந்தத் துள்ளலைத்தான். சூடுபட்டுத் தொய்ந்த வில், நல்ல வில்லைவிட எளிதில் நெளியும் என்பதையும் சொல்லவேண்டியதில்லை.

வலப்பக்கம் மட்டும் கறை விழுந்ததற்குக் காரணம் வேறு. இயந்திரத்திலிருந்து பின்னோக்கி வரும் சுழல்தண்டு, வண்டியின் பின்னால் நின்று பார்த்தால் இடஞ்சுழியாகச் சுழல்கிறது. அது அச்சையும் அத்திசையில் புரட்ட முயல்வதால் இடச்சில்லு தரையில் அழுந்த, வலச்சில்லு இலேசாகிறது. வண்டியின் உடல் எதிர்த்திசையில் சாய்ந்து இதில் ஒரு பகுதியை ஈடு செய்தாலும், முழுவதையும் ஈடு செய்வதில்லை. சாதாரண டிப்பரன்சலின் இயல்போ, இரண்டு சில்லுகளுக்கும் ஒரே அளவு முறுக்கத்தையே கொடுப்பது. பிடியில்லாத சில்லு எவ்வளவைத் தாங்குமோ அவ்வளவே மற்றதற்கும் கிடைக்கும். பலவீனன் ஒருவனின் அளவுக்கு மற்றவனும் இறங்கிவர நேரும் கூட்டுப்பங்கு வியாபாரம் போன்றது அது.

இந்த நோய்களுக்கு மருந்து அமெரிக்காவிலே பல பத்தாண்டுகளுக்கு முன்னரே காணப்பட்டது. கிறைஸ்லர் நிறுவனம் 1960களில் இப்பந்தயத்துக்கென்றே விற்களைச் செய்து விற்றது. அவற்றில் அச்சு நடுவிலன்றி முன்பக்கமாகத் தள்ளி இருத்தப்பட்டிருக்கும். முன்பாதி குறுகியும் விறைப்பாகவும் இருந்து நெளிவைத் தடுக்க, நீண்ட பின்பாதி பாரத்தைச் சுமக்கும். வலப்பக்க வில் இடப்பக்கத்தைவிடப் பலமாக அமைந்திருக்கும். புகைவண்டித் தொழிற்சாலைக் கொல்லர் கிறைஸ்லரின் வெளியீடெதையும் வாசித்தவரல்லர். ஆனால் புள்ளிகளைப் பார்த்த மாத்திரத்தில் அவர் சொன்ன பரிகாரம் அதற்குப் பெரிதும் வேறுபடவில்லை.

முதலில் சூடுபட்ட தகடுகள் கழற்றி எறியப்பட்டன. பஞ்சிகாவத்தையில் ஒருநாள் முழுவதும் அலைந்து, சுத்தியலால் தட்டி ஓசை கேட்டுத் தெரிந்தெடுத்த தகடுகளைக் கொண்டு விற்கள் புதிதாக அடுக்கப்பட்டன. வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்த உயரத்துக்கே மீண்டது. இளைஞனுக்கு அதில் மனத்தாங்கல். பின்னர் ஒவ்வொரு வில்லின் முன்பாதியையும் இரண்டிரண்டு இரும்புக் கவ்விகளால் இறுக்கி, தகடுகள் ஒன்றாகி ஒரே புயம்போல் நிற்கும்படி செய்தார். பின்பாதியைத் தொடவில்லை, அங்கே தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி ஓடினால்தான் வில் வில்லாயிருக்கும். அதன்பின் அச்சின்கீழ் இருபுறமும் முன்னோக்கி நீளும் இரண்டு உருக்குச் சட்டங்கள். அவற்றின் நுனியில், வில்லின் முன்கண்ணுக்கு நேர்கீழே, உயரத்தைத் திருகிக் கூட்டவும் குறைக்கவும் கூடிய ஒரு தடித்த இறப்பர்க் கட்டை. அச்சின் கூடு பின்னோக்கிப் புரள முயலும்போது சட்டத்தின் நுனி மேலெழும். இறப்பர் வில்லின் கண்ணில் முட்டும். புரட்டும் விசை வண்டியின் உடலைத் தூக்கும் விசையாகவும், சில்லைத் தரையில் அழுத்தும் விசையாகவும் மாறும். வில்லை நெளித்து வீணாகிய முறுக்கம் இப்போது சில்லின் தலையில் கையை வைத்து அழுத்துகிறது. இடப்பக்கத்து இறப்பருக்கு அரை அங்குல இடைவெளி விடப்பட்டது. வலப்பக்கத்து இறப்பர் கண்ணைத் தொட்டபின் மேலும் ஒரு சுற்றுத் திருகப்பட்டது. இலேசாகப்போகும் சில்லுக்கு முன்கூட்டியே கொடுத்துவைத்த சிறு கடன் அது.

ஷொக் அப்சோபர்களைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. முன்பக்கம் எளிதில் உயர்ந்து மெதுவாகத் தாழ்பவை பூட்டப்பட்டன. பாரம் விரைவாகப் பின்னே போய், அங்கேயே தங்கவேண்டும் என்பதற்காக.

ஒரு ஞாயிறு அதிகாலை, மக்கள் எழுமுன், அதே ஒழுங்கையில் பரீட்சை நடந்தது. இரண்டு கோடுகள் விழுந்தன. ஏழெட்டு அடிக்குமேல் இல்லை. புள்ளி ஒன்றும் இல்லை. பெரியவர் குந்தியிருந்து பார்த்துவிட்டு, “இப்ப எழுத்துக் கூட்டி வாசிக்கலாம்” என்றார். ஒழுங்கையில் இத்தகைய பரீட்சை நடத்தியது தவறு என்பதில் ஐயமில்லை. அதை அனுமதித்ததில் பெரியவருக்கும் பங்குண்டு. பின்னர் நடந்தவற்றில் அவர் காட்டிய கண்டிப்புக்கு இந்தக் குற்றவுணர்வும் ஒரு காரணமாயிருக்கலாம்.

பின்னர் நடந்தது இதுதான். ஒரு சுற்று நல்லதென்றால் மூன்று சுற்று மேலும் நல்லது என்று இளைஞன் கணக்குப் போட்டான். பெரியவருக்குச் சொல்லாமல் வலப்பக்கத்து இறப்பரை இன்னும் இரண்டு சுற்றுத் திருகினான். பின்ரயர்களின் காற்றை 28 இறாத்தலிலிருந்து 16க்கு இறக்கினான். அந்தக் கிழமையே தாயாரின் கிளினிக் நாள் வந்தது. திரும்பும் வேளையில் காலி வீதியில் மழை. நான்கு சில்லுள்ள மேசையின் ஒரு காலுக்குக் கீழே கடதாசி மடித்து வைத்தால் அதற்கு மூலைவிட்டமாக உள்ள காலும் அழுந்தி, மற்ற இரண்டும் இலேசாவதை வீட்டில் எவரும் கண்டிருப்பர். வலப் பின்சில்லுக்குக் கொடுத்த கடன், இட முன்சில்லையும் அழுத்தி, வல முன்சில்லை இலேசாக்கியிருந்தது. முன்னால் ஒரு முச்சக்கரவண்டி திடீரென நிற்க, அவன் பிரேக்கை மிதித்தான். வல முன்சில்லு நனைந்த தாரில் இறுகி வழுக்கியது, இடமுன் பிடித்தது, மென்மையான முன் ஷொக்குகளால் மூக்குத் தாழ்ந்து, வண்டி இடப்புறமாகத் திரும்பிற்று. இலங்கையில் இடப்புறம் என்பது நடைபாதை. அங்கே பஸ் தரிப்பிடத்தில் குடைகளுடன் ஆட்கள் நின்றனர்.

பள்ளிச் சிறுவன் ஒருவனின் முழங்காலுக்கு ஒரு முழம் இப்பால் வண்டி நின்றது. எவருக்கும் அடிபடவில்லை. சிறுவன் குடையை மடிக்கவும் மறந்து நின்றான். பின் ஆசனத்திலிருந்த தாயார், மடியிலிருந்து சிந்திய மருந்துப் பொட்டலங்களை ஒவ்வொன்றாகக் குனிந்து எடுத்தார். வீடு போய்ச் சேரும்வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அன்றிரவே அவன் பெரியவரிடம் போனான். சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கிடவில்லை. ரோச் விளக்கைப் பிடிக்கச் சொல்லி, வண்டியின் கீழே தாமே படுத்து, இரண்டு இறப்பர்களையும் நான்கு கவ்விகளையும் கழற்றினார். இறப்பரில்லாத சட்டம் எதிலும் முட்டாது. வெறும் இரும்பாகத் தொங்கும். கழற்றியவற்றை மண்ணெண்ணெயிற் கழுவித் துடைத்து, ஒரு பழைய மலிபன் பிஸ்கட் டின்னுக்குள் இட்டு, அலுமாரியின் மேல் வைத்தார்.

“உன்ரை அம்மா பின் சீற்றிலை இருக்கேக்கை இந்தக் காருக்கு ஒரு குறையுமில்லை, தம்பி. அதைச் செய்தவன் நாலு பேரை நினைச்சுத்தான் வில்லு வைச்சவன். இது இனி இங்கை கிடக்கும். ஓடுற நாளிலை காலமை வா, தாறன். பின்னேரம் கொண்டுவந்து தரவேணும்.”

வெறும் ஓட்டுநர் ஒருவரோடு கால் மைலை ஓடுவதற்கும், குடும்பத்தோடு மழையில் நிறுத்துவதற்கும் ஒரே பின்பாரம் பொருந்தாது. தெரு வண்டியைப் பந்தயத்துக்கு ஆயத்தம் செய்வோர் இரண்டையும் ஒரே அமைப்பில் பெற்றுவிடலாம் என்று பேசுவதெல்லாம் வீண் பேச்சு. பெறக்கூடியது, ஓர் அமைப்பிலிருந்து மற்றதற்குப் போய்த் திரும்பிவரும் வழி மட்டுமே. பெரியவரின் பிஸ்கட் டின் அந்த வழியைப் பூட்டி வைத்த பெட்டியாயிற்று.

இரண்டு மாதம் கழித்து வெள்ளவத்தையிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்கு, கடலோரமாக ஓடும் மரைன் டிரைவில், பம்பலப்பிட்டியை நோக்கி ஓர் ஓட்டம். பந்தயம் ஐம்பதாயிரம் ரூபா. வீதி அகலமானது, நேரானது, அந்நேரத்தில் வாகனம் இராது. இரவு ஒன்பது மணிக்கு அவன் பெரியவரின் கதவைத் தட்டினான். எதற்கென்று சொல்லவில்லை, எனினும், அந்நேரத்தில் டின்னைக் கேட்டு வருபவன் எதற்கு வருவான் என்பதை அறிய அவருக்குப் படிப்பு வேண்டியிருக்கவில்லை.

“அந்த ரோட்டாலை இரவிலை கடலுக்குப் போறவன் இருக்கிறான், தண்டவாளத்துக் கரையிலை படுக்கிறவன் இருக்கிறான். உனக்கு அவனைத் தெரியாது. அவனுக்கும் உன்னைத் தெரியாது. கார் உங்கடை. போறதெண்டால் இப்படியே போ. டின் தரமாட்டன்.”

அவன் அரைமணி நேரம் வண்டிக்குள்ளேயே இருந்துவிட்டு வீட்டுக்குப் போனான். அன்றிரவு மரைன் டிரைவில் எவருக்கும் ஒன்றும் நேரவில்லை. ஓடியவர்கள் ஓடினார்கள், வென்றவன் பணத்தை வாங்கிக்கொண்டான். கதைகளில் வருவதுபோல மறுநாட் காலை ஒரு துயரச் செய்தி வந்து பெரியவரின் சொல்லை மெய்ப்பித்திருந்தால் இளைஞனின் மனம் ஆறியிருக்கும். அப்படி எதுவும் வராததால் பல நாட்கள் அவன் பெரியவரோடு பேசவில்லை.

தெருவில் ஓடும் இளைஞரை எங்கே கொண்டுபோய் ஓடவிடுவது என்ற கேள்வி கொழும்புக்கு மட்டும் உரியதன்று. கலிபோர்னியாவின் சாந்தா அனாவில் 1950இல் விமான நிலைய ஓடுதளமொன்றில் பந்தயம் தொடங்கியதும், மறு ஆண்டில் வொலி பார்க்ஸ் தேசிய ஹொட் ரொட் சங்கத்தை நிறுவியதும், வீதிகளில் நடந்த சாவுகளின் பின்னணியிலேயே. போர் விட்டுச்சென்ற ஓடுதளங்களே உலகின் பல பாகங்களிலும் இதற்கு இடமளித்தன. சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரத்தின் போர்க்கால ஓடுதளத்தில், இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் தனித் தடம் அமையும்வரை, மோட்டார்ப் பந்தயங்கள் நடந்துவந்தன. இலங்கையில் நுவரெலியாவின் மகாகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. அங்கே ஏற்றமே பாரத்தைப் பின்னுக்குச் சாய்த்துவிடுவதால் ஓட்டுநருக்கு இயற்கையின் உதவி உண்டு. சமதரையில் ஓட விரும்புவோருக்குக் களுத்துறைக்குத் தெற்கே கட்டுகுருந்தை. இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியக் கடற்படை விமானங்கள் இறங்கிய அந்த ஓடுதளத்தில் பின்னாளில் மோட்டார் வண்டிகள் ஓடின.

அங்கே ஓடுவதற்கு அனுமதி கிடைத்த ஒரு ஞாயிறு அதிகாலை இளைஞன் மறுபடியும் பெரியவரின் கதவைத் தட்டினான். டின் ஏற்கனவே வாசற்படியில் வைக்கப்பட்டிருந்தது. அவரும் சேட்டைப் போட்டுக்கொண்டு ஆயத்தமாக நின்றார்.

பொறியியல் மாணவனாகையால் முதல் ஓட்டத்தை இறப்பர்கள் இல்லாமலே ஓடிப் பார்த்தான்: 17.5 செக்கன். பின்னர் ஓடுதளத்தின் ஓரத்தில் வண்டியை ஜக்கில் ஏற்றி, கவ்விகளை இறுக்கி, இடப்பக்கம் அரை அங்குலம் விட்டு, வலப்பக்கம் ஒரு சுற்றுத் திருகினான். ஒன்றரைச் சுற்றாக்கலாமா என்று கேட்க வாயெடுத்துப் பின் பேசாமல் விட்டதைப் பெரியவர் கவனித்தார். இரண்டாவது ஓட்டம் 16.9. இயந்திரத்தில் ஓர் ஆணியும் தொடப்படவில்லை. வேறுபாடான 0.6 செக்கனும் ஏறக்குறையத் தந்தையாரின் தாளில் எழுதப்பட்டிருந்ததே. மூன்றாவது ஓட்டத்தில், நான்கு சில்லும் தள்ளும் புதிய யப்பானிய வண்டி ஒன்றுக்கு அருகே நிறுத்தப்பட்டு, பாதித் தூரத்திலேயே அதன் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டு ஓடித் தோற்றான். அந்த வண்டிக்குப் பின்பாரம், முன்பாரம் என்ற கவலையே இல்லை என்று பெரியவர் சற்று இளக்காரமாகச் சொன்னார்.

காலி வீதி வழியே திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. இரத்மலானையைத் தாண்டி ஒழுங்கைக்குள் நுழைந்ததும் வண்டியை வீட்டுக்கு விடாமல் பெரியவரின் வாசலில் நிறுத்தினான். இம்முறை அவனே கீழே படுத்தான்; அவர் ரோச்சைப் பிடித்தார். நான்கு கவ்விகள், இரண்டு இறப்பர்கள். வலப்பக்கத்து இறப்பரில் வில்லின் கண் அழுந்திய வடு பிறைபோலப் பதிந்திருந்தது. அடுத்த தடவை அதைத் திருப்பிப் பூட்டவேண்டும் என்று சொல்லி அவர் டின்னின் மூடியை அழுத்தினார்.

மறுநாள் கிளினிக். ஏழு மணிக்கு முன் போய் இலக்கம் எடுக்கவேண்டும். காற்று அடிக்கும் கடை பூட்டியிருந்ததால், கைப்பம்பை எடுத்துவந்து, முற்றத்து விளக்கின் கீழே இரண்டு பின்ரயர்களுக்கும் 28 இறாத்தல் வரும்வரை அவன் அடித்துக்கொண்டிருந்தான்.